பாப் குழுவை எப்படிக் கட்டுகிறார்கள்?

1994 மார்ச் 4, வெள்ளிக்கிழமை. லண்டனில் பால்டர்டன் தெருவில் இருக்கும் டான்ஸ்வொர்க்ஸ் என்ற நடனக்கூடத்துக்கு இளம்பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஏறக்குறைய 400 பேர். ‘தி ஸ்டேஜ்’ என்ற நாடகத் தொழில் பத்திரிகையில் வந்திருந்த சின்ன விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். வயது 18-லிருந்து 23-க்குள் இருக்க வேண்டும், பாடவும் ஆடவும் வரவேண்டும், கூச்சம் இருக்கக்கூடாது, உழைக்கத் தயாராக இருக்க வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார்கள். வரும்போது இசைக்குறிப்புத் தாளையோ பின்னணி இசை கேசட்டையோ கையோடு கொண்டுவரவும் சொல்லியிருந்தார்கள். பத்துப் பத்துப் பேராக நிற்கவைத்து ஒரே பாட்டுக்கு ஆடவிட்டார்கள். அதில் தேறியவர்கள் தனியாகப் பாடிக் காட்டினார்கள். அன்றைக்கு எடுத்தவர்களையும் பிறகு வந்து சேர்ந்தவர்களையும் வைத்துக் கட்டிய குழுதான், இரண்டே வருஷத்தில் உலகமே பாடிய ஸ்பைஸ் கேர்ள்ஸ்.

பாட்டுக் குழு பிறப்பதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, ஆட்கள் முதலில் சேர்வது. 1957 ஜூலையில் லிவர்பூல் பக்கம் ஒரு தேவாலயத் திருவிழாவில், பின்னாளில் பீட்டில்ஸ் குழுவாகப் புகழ்பெற்ற ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் சந்தித்தார்கள். நட்பு வந்தது, பாட்டு வந்தது, மேனேஜரும் கம்பெனியும் பிறகுதான் வந்தார்கள். இன்னொரு வழி இதற்கு நேர் எதிர். முதலில் ஒருவருக்கு யோசனை வரும், அப்புறம் பணம், அப்புறம் விளம்பரம், கடைசியில்தான் ஆட்கள். ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராத நான்கைந்து பேர் ஒரே அறையில் நிற்பார்கள். இதைத்தான் ‘தயாரிக்கப்பட்ட குழு’ என்கிறார்கள். பெரும்பாலும் திட்டுகிற தொனியில்தான் சொல்வார்கள்.

அந்தத் திட்டை நான் ஏற்கவில்லை. நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் நாடகக் கம்பெனிகள் சிறுவர்களைச் சேர்த்து, ஒரே கூரையின் கீழ் சோறு போட்டு, வாத்தியார் வைத்துப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்து, இவன் ராஜபார்ட், இவன் ஸ்திரீபார்ட், இவன் பபூன் என்று பிரித்து மேடையேற்றின. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சின்னப் பையனாகச் சேர்ந்தவர்தான் எம்.ஜி.ஆர். அங்கே வளர்ந்த கலைஞர்களை யாரும் போலி என்று சொல்வதில்லை. பாப் குழுவைப் பார்க்கும்போதும், யார் சேர்த்து வைத்தார்கள் என்பதோடு நிற்காமல், சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது, முடிவெடுக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் நிறைய விஷயம் விளங்கும்.

முதலில் யோசனை. அந்த ‘தி ஸ்டேஜ்’ விளம்பரத்தைக் கொடுத்தவர்கள் பாப் ஹெர்பர்ட், கிறிஸ் ஹெர்பர்ட் என்ற அப்பாவும் மகனும். அவர்களுடைய கம்பெனியின் பெயர் ஹார்ட் மேனேஜ்மென்ட். அப்போது பிரிட்டனில் டேக் தட், ஈஸ்ட் 17 போன்ற ஆண்கள் குழுக்கள்தான் கொடிகட்டிப் பறந்தன. அவற்றை வாங்கிக் கேட்டவர்களில் பெரும்பாலோர் பெண்பிள்ளைகள். பெண்கள் குழு ஒன்று வந்தால், அதைப் பெண்பிள்ளைகளும் ரசிப்பார்கள், பையன்களும் ரசிப்பார்கள் என்பது ஹெர்பர்ட்டுகளின் கணக்கு. எல்லாக் கட்டிய குழுவுக்குப் பின்னாலும் இப்படி ஒரு கணக்கு இருக்கும். சந்தையில் எந்த இடம் காலியாக இருக்கிறது, அங்கே யாரை நிறுத்தலாம் என்று பார்ப்பார்கள்.

அடுத்து ஆள் தேர்வு. பாட்டில் முதல் ஐந்து இடம் பிடித்த ஐந்து பேரை எடுத்துவிட்டால் குழு ஆகிவிடாது. ஐந்து பேரும் ஒரே மாதிரிக் குரல், ஒரே மாதிரி முகம், ஒரே மாதிரிக் குணம் என்று இருந்தால் பார்ப்பவர் மனதில் ஒருவரும் தங்கமாட்டார்கள். அதனால் தேர்வு செய்கிறவர்கள் பந்திக்குச் சமைப்பதுபோல யோசிக்கிறார்கள். காரம் ஒன்று, புளிப்பு ஒன்று, இனிப்பு ஒன்று. ஸ்பைஸ் கேர்ள்ஸில் முதலில் எடுத்த ஐவரில் மிஷெல் ஸ்டீபன்சன் என்பவரும் இருந்தார். சில மாதத்தில் அவர் விலகினார். குரல் பயிற்சி ஆசிரியை கைகாட்ட, அவர் இடத்துக்கு எம்மா பன்டன் வந்தார். எம்மா இல்லாத அந்தக் குழுவை இன்றைக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கொரியாவின் ட்வைஸ் குழுவில் இன்னும் நெஞ்சைத் தொடும் கதை ஒன்று உண்டு. 2015-இல் ஜே.ஒய்.பி. கம்பெனி தன்னிடம் பயிற்சி பெற்ற 16 பெண்களை வைத்து ஒரு டி.வி. போட்டி நடத்தியது. ஏழு பேர் குழுவாக வேண்டும் என்பது திட்டம். ஜப்பானிலிருந்து வந்த மோமோ அபாரமாக ஆடுவார், ஆனாலும் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார். கடைசி நாளில் கம்பெனியின் தலைவர் பார்க் ஜின்-யங் இன்னும் இரண்டு பேரைச் சேர்ப்பதாக அறிவித்தார். அவர்களில் ஒருவர் மோமோ. குழுவின் ஆட்டத்துக்கு அவர் வேண்டும் என்று கம்பெனி தீர்மானித்துவிட்டது. ஏழு ஒன்பதானது. கட்டுகிறவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது, கட்டப்படுகிறவர் எவ்வளவு காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பதை அந்த ஒரே நாளில் பார்க்கலாம்.

ஆள் சேர்ந்ததும் பயிற்சி. ஹெர்பர்ட்டுகள் ஐந்து பெண்களையும் மெய்டன்ஹெட் என்ற ஊரில் மூன்று படுக்கையறை உள்ள ஒரு வீட்டில் குடிவைத்தார்கள். பகலில் சர்ரே பக்கம் ஒரு ஸ்டுடியோவில் பாட்டும் ஆட்டமும். சாயங்காலம் திரும்பி வந்து சேர்ந்தே சமைத்து, சேர்ந்தே சண்டை போட்டு, சேர்ந்தே தூங்குவது. நண்பர்களாக இருந்து குழுவானவர்களுக்கு வருஷக்கணக்கில் தானாகக் கிடைக்கும் பழக்கத்தை, இந்த வீடு சில மாதத்தில் உண்டாக்க வேண்டும். என் கணக்கில், கட்டிய குழு ஒன்று நிற்குமா விழுமா என்பதைப் பாதி அந்த வீடே தீர்மானித்துவிடுகிறது. மெய்டன்ஹெட் வீட்டில் என்ன விளைந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தப் பயிற்சியை ஒரு தொழிலாகவே வளர்த்தெடுத்தவர்கள் கொரியர்கள். எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் என்ற கம்பெனியின் நிறுவனர் லீ சூ-மன் 1996-இல் எச்.ஓ.டி. என்ற ஐவர் குழுவை இறக்கினார். பள்ளிப் பிள்ளைகள் பைத்தியமானார்கள். அதிலிருந்து கிளம்பியதுதான் இன்றைக்கு நாம் பார்க்கும் டிரெய்னி முறை. 11, 12 வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். பள்ளி விட்டதும் கம்பெனிக்குப் போய் நடுராத்திரி வரை பாட்டு, நடனம், ராப், அந்நிய மொழி. மாதாமாதம் மதிப்பீடு. அதில் தேறாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேடையேறும் தேதியை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். பிளாக்பிங்க் குழுவின் ஜென்னி 6 வருஷம் காத்திருந்தார். ட்வைஸ் குழுவின் தலைவி ஜிஹ்யோ ஏறக்குறைய 10 வருஷம் டிரெய்னியாகவே இருந்தார். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக மேடையேறுவதையோ மூட்டை கட்டுவதையோ பார்த்துக்கொண்டே ஒரு சிறுமி வளர்ந்து பெரியவளாகிவிடுகிறாள். இந்தத் துறையை எவ்வளவு ரசித்தாலும் இந்த இடத்தில் எனக்கு மனசு கனத்துப்போகும். மேடையேறாமல் திரும்பியவர்கள், ஏறியவர்களைவிடப் பல மடங்கு அதிகம்.

சரி, ஐந்து பேரோ ஒன்பது பேரோ தயார். இப்போது ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் வேண்டும். கொரியாவில் இதற்கு நிலையான பெயர்களே உண்டு. தலைவர், மெயின் வோக்கல், மெயின் டான்ஸர், ராப்பர், முகலட்சணத்துக்கு ‘விஷுவல்’, நடுவில் நிற்க ‘சென்டர்’, எல்லோருக்கும் இளையவர் ‘மக்னே’. நம் பழைய நாடக மேடையின் ராஜபார்ட், பபூன் மாதிரிதான். ஸ்பைஸ் கேர்ள்ஸுக்குக் கிடைத்த ஸ்போர்ட்டி, ஸ்கேரி, பேபி, போஷ், ஜிஞ்சர் என்ற பட்டப்பெயர்களைக் கம்பெனி யோசித்து வைக்கவில்லை. ஒரு பாப் பத்திரிகை ஆசிரியர் விளையாட்டாக எழுதிய பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டன. அந்தப் பெண்கள் ஏற்கெனவே அப்படித்தான் உடுத்திக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். ஒட்டவைத்த வேஷமாக இருந்திருந்தால் இத்தனை வருஷம் நின்றிருக்காது.

இந்த இடப்பங்கீடு எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். ட்வைஸ் மாதிரி ஒன்பது பேர் குழுவின் நடனப் பயிற்சி வீடியோ ஒன்றைப் போடுங்கள். மேடை விளக்கு, வெட்டு, ஒட்டு எதுவும் இருக்காது. வெறும் அறை, அசையாத ஒரே கேமரா. முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாம் தடவை ஒருவர்மேல் மட்டும் கண்ணை வையுங்கள், மற்றவர்களை விட்டுவிடுங்கள். அவர் பாட வேண்டிய வரி வருவதற்குச் சற்று முன்பே பின்வரிசையிலிருந்து நகரத் தொடங்கிவிடுவார். முன்னால் இருப்பவர் குனிகிற அதே நொடியில் அந்த இடைவெளிக்குள் நுழைவார். நடுவில் வந்து நின்று, தன் வரியைப் பாடி, கடைசி சொல் முடியும் முன்பே ஒரு தோள் திரும்பலில் அடுத்தவருக்கு இடம் விட்டு ஓரத்துக்குப் போய்விடுவார். ஒருவர்மேல் ஒருவர் இடிப்பதில்லை. பெரிய மேடைகளில் தரை விளிம்பில் எண்கள் ஒட்டியிருப்பார்கள். நடுவில் சுழியம், இருபக்கமும் 1, 2, 3 என்று போகும். எந்த வரியில் எந்த எண்ணுக்கு நேராக நிற்க வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் மனப்பாடம்.

இதில் கணக்கும் இருக்கிறது. மூன்றரை நிமிடப் பாட்டு என்றால் 210 வினாடி. ஒன்பது பேருக்குச் சரிசமமாகப் பிரித்தால்கூட ஆளுக்கு 23 வினாடிதான். சரியாகப் பிரிப்பதும் இல்லை. பல்லவியின் உச்ச வரி வலுவான குரலுக்குப் போகும். ராப் பகுதி ஒருவருக்கோ இருவருக்கோ போகும். சிலருக்கு ஏழெட்டு வினாடிதான் மிஞ்சும். தங்களுக்குப் பிடித்தவருக்கு எத்தனை வினாடி கிடைத்தது என்று ரசிகர்கள் கணக்குப் போட்டுச் சண்டைக்கு வருவதற்குக் காரணம் இதுதான். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. ஆறேழு வருஷம் உழைத்தவருக்கு ஏழு வினாடி என்றால் யாருக்கும் வலிக்கும்.

பாட்டு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் குழுவுக்கு வெளியிலிருந்து. நம் சினிமாவில் மெட்டு தயாரானதும் ஒருவர் ட்ராக் பாடிவைப்பார், அதைக் கேட்டுத்தான் பாடகர் பாடுவார் இல்லையா, அதேபோல இங்கேயும் ட்ராக் வரும், குழு அதைக் கேட்டுப் பழகும். கொரியக் கம்பெனிகள் பல நாட்டு இசையமைப்பாளர்களையும் சில நாள் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பாட்டு எழுத வைக்கின்றன. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் அமெரிக்கப் பையன்கள். ஆனால் அவர்களுடைய பெரிய வெற்றிப் பாட்டுகள் பல, ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்தின் ஷெய்ரான் ஸ்டுடியோவில் மேக்ஸ் மார்ட்டினும் அவருடைய சகாக்களும் செய்தவை.

இந்த விஷயத்தில் முதல் பெரிய சண்டை நடந்தது மங்கீஸ் குழுவில். 1965 செப்டம்பரில் ஹாலிவுட் தொழில் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் வந்தது. டி.வி. தொடருக்கு 17-லிருந்து 21 வயதுள்ள நான்கு கிறுக்குப் பையன்கள் தேவை. 437 பேர் வந்தார்கள், நான்கு பேரை எடுத்தார்கள். தொடரில் அவர்கள் ஒரு பாட்டுக் குழுவாக நடிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. 1966 செப்டம்பரில் தொடர் வந்ததும் அவர்கள் பாடிய பாட்டுகள் தேசம் முழுக்கப் பறந்தன. ஆனால் இசைத்தட்டுகளில் வாத்தியம் வாசித்தவர்கள் பெரும்பாலும் ஸ்டுடியோ கலைஞர்கள். எந்தப் பாட்டு, யார் வாசிப்பது என்று முடிவு செய்தவர் டான் கிர்ஷ்னர் என்ற இசை மேற்பார்வையாளர். குழுவில் மைக்கேல் நெஸ்மித் உண்மையாகவே பாட்டு எழுதத் தெரிந்தவர். தங்களைக் கேட்காமலேயே தங்கள் பெயரில் தட்டு வெளிவருவதை அவரால் பொறுக்க முடியவில்லை. 1967 தொடக்கத்தில் பெவர்லி ஹில்ஸில் ஒரு ஹோட்டல் அறையில் பேச்சு முற்றி, கம்பெனிக்காரர் கண்ணெதிரே சுவரை ஓங்கிக் குத்தி ஓட்டை போட்டார். சீக்கிரமே கிர்ஷ்னர் வெளியேற்றப்பட்டார். நால்வரும் தாங்களே வாசித்து ஒரு ஆல்பம் செய்தார்கள், அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கிர்ஷ்னர் அடுத்து கையில் எடுத்தது ஆர்ச்சீஸ், ஒரு கார்ட்டூன் குழு. வரைந்த உருவங்கள், குரல் மட்டும் ஸ்டுடியோ பாடகர்களுடையது. அந்தக் குழுவின் பாட்டும் 1969-இல் முதலிடம் பிடித்தது.

இந்த மொத்த வேலையையும் கேமரா முன்னால் செய்தால் என்ன என்று யோசித்தது நியூசிலாந்து. 1999-இல் அங்கே ‘பாப்ஸ்டார்ஸ்’ என்ற டி.வி. நிகழ்ச்சி, ஆடிஷனிலிருந்து முதல் பாட்டு வரை எல்லாவற்றையும் காட்டி ட்ரூபிளிஸ் என்ற ஐவர் குழுவை உருவாக்கியது. ஆட்களை விளம்பரம் செய்ய வேண்டிய செலவே இல்லை, குழு பிறக்கும்போதே ரசிகரும் தயார். நிகழ்ச்சி நாடு நாடாகப் பரவி 2002-இல் இந்தியாவுக்கு வந்தது. சேனல் வி நடத்திய அந்தப் போட்டியில் பிறந்ததுதான் ‘விவா’ என்ற ஐந்து பெண்கள் குழு. அதிலிருந்த நேஹா பாசின் குரலைத் தமிழர்கள் பலர் கேட்டிருப்பார்கள், பெயர்தான் நினைவிருக்காது. ‘சத்தம் போடாதே’ படத்தில் யுவன் சங்கர் ராஜா இசையில் ‘பேசுகிறேன் பேசுகிறேன்’ பாடியவர் அவர்தான். விவா சில வருஷத்தில் கலைந்தது, குரல் நிலைத்தது.

டி.வி.க்கு இன்னொரு முகமும் உண்டு. கொரியாவில் 2016-இல் தொடங்கிய ‘புரொட்யூஸ் 101’ நிகழ்ச்சியில், ரசிகர்கள் ஓட்டுப் போட்டுக் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். லட்சக்கணக்கானவர்கள் நம்பி ஓட்டுப் போட்டார்கள். 2019-இல் ஓட்டுக் கணக்கையே மாற்றியிருந்தது வெளிவந்தது, தயாரிப்பாளர் சிறைக்குப் போனார். அந்த வருஷம் ஆகஸ்டில் அறிமுகமான எக்ஸ்1 குழுவின் 11 பையன்களும், தாங்கள் செய்யாத தவறுக்காக, அடுத்த ஜனவரியில் கலைந்துபோனார்கள். பார்வையாளரிடம் கொடுத்ததாகச் சொன்ன சாவி கடைசிவரை கம்பெனி இடுப்பிலேயேதான் இருந்திருக்கிறது.

இப்போது பணத்துக்கு வருவோம். புதிதாக ரசிக்க வருகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். குழுவைக் கட்டுகிறவர் வீட்டு வாடகை, ஆசிரியர் சம்பளம், உடை, பாட்டு, வீடியோ எல்லாவற்றுக்கும் முன்பணம் போடுகிறார். குழு சம்பாதிக்கத் தொடங்கியதும் முதலில் அந்தச் செலவு கழியும், மிச்சத்தில்தான் பங்கு. ஒரு கணக்குக்கு, செலவு 5 கோடி ரூபாய், முதல் வருஷ வரவு 4 கோடி என்று வையுங்கள். ஊரெல்லாம் உங்கள் போஸ்டர் ஒட்டியிருக்கும், உங்கள் கைக்கு ஒரு ரூபாய்கூட வராது. சில பெரிய கம்பெனிகள் பயிற்சிச் செலவை இந்தக் கணக்கில் ஏற்றுவதில்லை. பல சின்னக் கம்பெனிகள் ஏற்றுகின்றன.

கணக்கு எழுதுகிறவர் நேர்மையில்லாதவராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் லூ பெர்ல்மன் கதையே போதும். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், என்சிங்க் இரண்டையும் ஃப்ளோரிடாவில் கட்டியவர் அவர். மேனேஜர் பங்கை எடுத்ததோடு, ஐந்து பேர் குழுவில் தன்னை ஆறாவது உறுப்பினராகவும் ஒப்பந்தத்தில் எழுதி அந்தப் பங்கையும் எடுத்தார். கோடிக்கணக்கில் தட்டுகள் விற்ற பிறகு, முதல் பெரிய செக் என்று தங்களுக்கு ஆளுக்கு 10,000 டாலர்தான் கிடைத்தது என்று என்சிங்கின் லான்ஸ் பாஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இரண்டு குழுக்களும் நீதிமன்றம் போய்த்தான் விடுபட்டன. பெர்ல்மன் பிற்பாடு வேறொரு பெரிய முதலீட்டு மோசடியில் சிக்கி, 2008-இல் 25 வருஷச் சிறைத் தண்டனை பெற்று, 2016-இல் சிறைவாசத்திலேயே இறந்தார்.

கொரியாவில் சண்டை காலத்தைப் பற்றியது. டி.வி.எக்ஸ்.க்யூ. என்ற ஐவர் குழு எஸ்.எம். கம்பெனியோடு போட்டிருந்த ஒப்பந்தம் 13 வருஷம். 2009-இல் ஐவரில் மூவர் வழக்குப் போட்டார்கள், தனியாக வேலை செய்ய நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்தது. அதே வருஷம் கொரியாவின் நியாய வர்த்தக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்து 7 வருஷம் என்று வரம்பு வைத்தது. ஏழாவது வருஷம் நெருங்கினாலே ரசிகர்கள் கலங்குவது அதனால்தான். ஆனால் குழுவின் கை ஓங்குவதும் அந்தச் சமயத்தில்தான். பிளாக்பிங்க் பெண்கள் நால்வரும் 2023 டிசம்பரில் குழு வேலைக்கு மட்டும் பழைய கம்பெனியோடு புதுப்பித்துக்கொண்டு, தனிப்பட்ட வேலைகளை வேறு இடங்களுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

மெய்டன்ஹெட் வீட்டுக்குத் திரும்புவோம். ஹெர்பர்ட்டுகள் அந்த ஐந்து பெண்களுக்கும் வாடகை கொடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து மட்டும் வாங்காமல் நாளைக் கடத்தினார்கள். 1994 டிசம்பரில் லண்டனில் ஒரு ஸ்டுடியோவில் பாட்டெழுத்தாளர்களையும் தயாரிப்பாளர்களையும் அழைத்து, பெண்களைப் பாடி ஆடவிட்டார்கள். வந்தவர்கள் அசந்துபோனார்கள். உடனே ஹெர்பர்ட்டுகள் ஒப்பந்தத்தோடு வந்தார்கள். அதற்குள் அந்த வீடு தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. ஐந்து பேரும் ஒரே குரலில் பேசப் பழகியிருந்தார்கள். ஐவரில் ஒருவரான விக்டோரியாவின் அப்பாவிடம் யோசனை கேட்டார்கள், கையெழுத்துப் போடாமல் இழுத்தார்கள். 1995 மார்ச்சில், பதிவு செய்த ஒலிநாடாக்களையும் எடுத்துக்கொண்டு ஹெர்பர்ட்டுகளை விட்டுக் கிளம்பினார்கள். அன்றே ஷெஃபீல்டில் இருந்த எலியட் கென்னடி என்ற தயாரிப்பாளரைத் தேடிப் பிடித்து, தங்களோடு வேலை செய்யச் சம்மதிக்க வைத்தார்கள். அவர் அந்த டிசம்பர் நிகழ்ச்சிக்கு வந்திருந்தவர்.

பிறகு தங்களுக்கான மேனேஜராக சைமன் ஃபுல்லரை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். 1997 நவம்பரில் அவரையும் அவர்களே நீக்கினார்கள். முதல் பாட்டாக எதை வெளியிடுவது என்பதில் இசைத்தட்டுக் கம்பெனிக்கு வேறு எண்ணம் இருந்தது. ‘வானபி’தான் என்று பெண்கள் பிடிவாதமாக நின்றார்கள். 1996 ஜூலையில் வெளிவந்த அந்தப் பாட்டு பிரிட்டனில் 7 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதை எழுதியவர்கள் என்ற இடத்தில் மேட் ரோ, ரிச்சர்ட் ஸ்டனார்ட் என்ற இரண்டு பாட்டெழுத்தாளர்களோடு குழுவின் பெயரும் இருக்கிறது. யார் எந்த வரியைச் சொன்னார்கள் என்று பிரிக்காமல், குழுவின் பங்கை ஐந்து பேரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள்.